கூட வந்தவர்

ஓ.பி. கவுண்டரில் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி முடித்ததும் சீட்டுப் போடுகிறவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: “கூட யாரு வந்திருக்கா?” காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் அது வழக்கமான கேள்வி. எங்கள் பிரிவில் அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலிருந்துதான் என் நாள் தொடங்குகிறது. அம்மா வந்திருக்கிறாளா, மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா, போலீஸ்காரரா, யாருமே இல்லையா.

டாக்டர் நோயைப் பார்ப்பார். வெளியே பெஞ்சில், மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவரை நான் பார்க்க வேண்டும். மனநலச் சமூகப்பணியாளர் என்று அறை வாசலில் பலகை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் நீளமாகச் சொல்வதில்லை. “கூட வந்தவங்களோட பேசுறது” என்பேன்.

இந்தக் குறிப்புகளில் யாருடைய பெயரும் இருக்காது. ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடியவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

*

விடியற்காலை, புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணிக்கு அடைத்த சாலையில் வண்டிகளை இன்னும் விடவில்லை. கருங்கல் பாறைகளில் தண்ணீர் ஏறி இறங்குகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கல் கொட்டிக் கொட்டிப் பலப்படுத்திய இந்தக் கரை அன்றைக்கு நகரத்தைக் காத்தது. கல் இல்லாத குப்பங்களைக் காக்க எதுவும் இருக்கவில்லை. காரைக்காலில்தான் நம் ஒன்றியப் பிரதேசத்தின் சாவுகள் பெரும்பாலும். எனக்கு அப்போது 22 வயது, வரலாறு படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் கிளம்பி, தெற்கே ஒரு குப்பத்தில் அரிசி பிரித்துக் கொடுக்கப் போனவள் நான். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

அங்கே ஒரு அக்கா. நான்கு வயதுப் பிள்ளையைக் கடல் கொண்டுபோயிருந்தது. அவள் அழவில்லை. பிள்ளையைப் பற்றிப் பேசவும் இல்லை. போன பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். “சோத்துக் குண்டான் ரெண்டு, மீன் சட்டி மூணு, பித்தளை அண்டா ஒண்ணு…” எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “பாத்திரம் வாங்கிக்கலாம்மா, மனசைத் தேத்திக்கோ” என்றார்கள். நானும் சொன்னேன்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சமூகப்பணித் துறையினர் அந்த மாதங்களில் கடலோர மாவட்டங்களில் எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அப்படி ஒரு வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொடுத்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவங்க எண்ணும்போது நீங்களும் கூட எண்ணுங்க” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

எண்ணினேன். பக்கத்தில் உட்கார்ந்து, விரல் மடக்கி, அவள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அண்டாவுக்கு அடுத்து அதுவரை வராத ஒன்று வந்தது. “பால் டம்ளர் ஒண்ணு. சின்னது.” அதற்குமேல் எண்ண முடியவில்லை அவளால். என் தோளில் விழுந்து அழுதாள். வெகு நேரம் அழுதாள்.

நான் எந்தப் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அந்த மத்தியானம் தெரிந்தது. அவளை நான் சரிசெய்துவிட்டேன் என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வரிசையில் டம்ளர் வருகிறவரைக்கும் யாராவது ஒருத்தர் கூட உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

*

சென்னையில் 2 ஆண்டு எம்.எஸ்.டபிள்யூ., பிறகு பெங்களூரில் 2 ஆண்டு மனநலச் சமூகப்பணியில் எம்.ஃபில். வீட்டில் சொன்னபோது அப்பா பேசவில்லை. பெரியம்மாதான் கேட்டாள்: “பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயாடி வேலைக்குப் போவே? நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?” அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் குடும்பத்திலேயே ஒரு சித்தப்பா இருந்தார். விசேஷ நாட்களில் அவரைப் பின்கட்டில் உட்காரவைத்துவிடுவார்கள். இலையை அங்கேயே கொண்டுபோய்ப் போடுவாள் பெரியம்மா. முதல் பந்தியிலேயே, பாயசம் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோவாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

*

காந்தி சிலைக்கு எதிர்ப்புறம், சாலையைத் தாண்டினால், முதல் உலகப்போரில் பிரான்சுக்காகப் போய்ச் செத்த புதுச்சேரிக்காரர்களின் நினைவுச்சின்னம். நடந்து களைத்தால் அதன் எதிரில் உட்காருவேன்.

அதே போரின் கடைசி ஆண்டில், 1918இல், அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் மேரி ஜாரெட் என்ற பெண்மணி என் தொழிலுக்கான முதல் பயிற்சியைத் தொடங்கினார். பதுங்குகுழிகளிலிருந்து உடம்பு முழுசாகவும் மனம் சிதறியும் திரும்பி வருகிற சிப்பாய்களைக் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. பாஸ்டன் மனநோய் மருத்துவமனையில் சமூகப்பணிப் பிரிவை நடத்தியவர் அவர். சிப்பாய் குணமாகிப் போகப்போவது ஒரு வீட்டுக்கு, ஒரு தெருவுக்கு, ஒரு வேலைக்கு. அவற்றைப் பார்க்காமல் நோயை மட்டும் பார்த்தால் போதாது என்பது அவர் பிடித்துக்கொண்ட நூல். இந்தியாவில் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையால் வந்தது. மறு ஆண்டே அதையொட்டிக் குழந்தைகளுக்கான மனநல வழிகாட்டு நிலையமும் வந்தது.

எங்கள் ஊரில் சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, பென்ஷனில் வாழ்ந்தவர்களின் வீடுகள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொல்தாவின் மனைவி தனியாக வந்தார். நோயாளி வரவில்லை, கூட வர வேண்டியவர் மட்டும் வந்திருந்தார். “அவர் அல்ஜீரியால இருந்தவரும்மா. அம்பது வருஷமா ராத்திரி லைட்டை அணைக்க விட்டதில்லை. எனக்கு வயசாயிடுச்சு, வெளிச்சத்துல தூக்கம் வரமாட்டேங்குது” என்றார். அம்பது வருஷம். அவர் கேட்டது தன் தூக்கத்துக்கு ஒரு வழி, அவ்வளவுதான். அந்தப் பெரியவர் கடைசிவரை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன், நாலு தடவை. விளக்கை நடைக்கு மாற்றினோம். அறைக் கதவைத் திறந்து வைத்தோம். அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கப் பழகினார்.

*

பிரான்ஸ் என்றதும் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் வரும். ஃபிலிப் பினெல், மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்த மருத்துவர். அவர் பெரியவர், சந்தேகமில்லை. ஆனால் பாரிசின் பிசெத்ர் மருத்துவமனையில் சங்கிலிகளை 1797இல் கழற்றியவர் ழான் பத்தீஸ்த் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்துக் கட்டிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள நோயாளியாக அங்கே வந்தவர். குணமானதும் அங்கேயே வேலைக்கு நின்று, மனைவி மார்கரித்தோடு சேர்ந்து மனநோயாளிகள் பகுதியை நிர்வகித்தார். அவரிடமிருந்து தான் கற்றதைப் பினெலே எழுதியிருக்கிறார்.

டாக்டர் பட்டம் இல்லாத ஒருவர், மனைவியோடு, நாள் முழுக்க நோயாளிகள் கூடவே இருந்ததால் எவரைக் கட்ட வேண்டியதில்லை என்று அறிந்துகொண்டார். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னே போய் அந்த மார்கரித்தோடு ஒரு பகல் உட்கார்ந்து பேச முடிந்தால் எவ்வளவோ கேட்டிருப்பேன்.

*

சங்கிலி. இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

2012. ஒரு குப்பத்தில் மகனைத் தென்னை மரத்தோடு சங்கிலியால் கட்டி வைத்திருக்கும் அம்மாவைப் பற்றி அங்கன்வாடி ஆயா வந்து சொன்னார். போனேன். 26 வயதுப் பையன். காலில் சங்கிலி, எட்டடி நீளம் இருக்கும். கணுக்காலில் பழந்துணி சுற்றி அதன்மேல் வளையம். மரத்தடியில் பாய், தண்ணீர்க் குடம், மூடிபோட்ட தூக்குச்சட்டி. வெயில் திரும்பும் பக்கத்தில் ஒரு படுதா கட்டியிருந்தது. பூட்டுச் சாவி அந்த அம்மாவின் கழுத்தில், தாலிக்கயிற்றோடு.

எனக்கு ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகம் நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலைத் தீ. சங்கிலியோடு கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அப்போது கல்லூரியில் இருந்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. அந்த நினைவோடு அந்த அம்மாவிடம் பேசினேன். தப்பும்மா இது, சட்டப்படி குற்றம், உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். பையன் காதைப் பொத்திக்கொண்டான்.

அந்த அம்மா கூடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “நாலு மணிக்கு நான் மீனெடுக்கப் போவணும். வித்துட்டு வர ஒரு மணி ஆவும். ரெண்டு தடவை ரோட்டுல வுழுந்து லாரிக்காரன் பிரேக் போட்டான். மூணாவது தடவை எவனும் போட மாட்டான். நீ நாளைக்கு நாலு மணிக்கு வந்து இவனைப் பாத்துக்கிறியா, சொல்லு. இப்பவே சாவியைத் தர்றேன்.”

கழுத்துக்குக் கை போய்விட்டது அவளுக்கு. என்னிடம் பதில் இல்லை.

படித்த நாலு வருஷத்தில் கற்றதைவிட அந்த முற்றத்தில் நின்ற ஐந்து நிமிடத்தில் அதிகம் கற்றேன். அந்தச் சங்கிலி கொடுமைதான், அதில் மாற்றமில்லை. அதைப் போட்டவள் கொடுமைக்காரி இல்லை. காலை நாலு மணியிலிருந்து ஒரு மணி வரை, அந்த ஒன்பது மணி நேரத்துக்கு அவளுக்கு ஆள் இல்லை. அந்த ஒன்பது மணி நேரத்தை நிரப்புவதுதான் என் வேலை என்று புரிந்தது.

நிரப்பினோம். நான்கு மாதம் ஆனது. மருந்தை மறந்தாலும் துப்பினாலும் பாதகமில்லாதபடி மாதம் ஒரு ஊசி போட டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ராத்திரி ஓலம் நின்றது. அந்த அம்மாவின் அக்கா ஆறு முதல் எட்டு வரை. அங்கன்வாடி ஆயா, வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும். மூலையிலிருந்த டீக்கடைக்காரர், “என் கடைக்கு எதிர்ல உக்காரட்டும், நான் பாத்துக்கிறேன் மேடம்” என்றார். முதலில் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் சங்கிலி இல்லாமல். பிறகு அம்மா வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க. பிறகு பகல். ஒரு நாள் போனபோது மரத்தடி காலியாக இருந்தது. அவன் டீக்கடை பெஞ்சில் கிளாஸைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தான்.

சாவி மட்டும் அவள் கழுத்தில் இன்னும் இரண்டு வருஷம் கிடந்தது. நான் கேட்கவில்லை.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆவது பிரிவில், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று ஐயமில்லாமல் சொல்லிவிட்டது. அந்த வரியைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். விடிகாலை நாலு மணிக்கு யார் வருவார்கள் என்பதையும் கூடவே யோசித்தேன்.

*

குடும்பத்தை நோயின் காரணமாகப் பார்ப்பது மேல்நாட்டு மனநல மருத்துவத்தில் ஒரு காலம் வழக்கமாக இருந்தது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய கோட்பாடுகள்கூட உண்டு. இங்கே வேறு மாதிரி நடந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் தொடக்க காலம் முதலே வீட்டார் ஒருவர் கூடத் தங்கும் வழக்கம். அதற்கு வித்திட்டவர் டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ். கூட வந்தவரை வாசலோடு அனுப்பிவிடாமல் உள்ளே அழைத்துப் பாய் போட்ட இடங்கள் இவை.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் சிலருக்கு நோய் ஏன் சீக்கிரம் திரும்புகிறது என்று பார்த்தால், வீட்டில் குத்திக்காட்டிப் பேசுவதும் வெறுப்பும், அளவுக்கு மீறி அவர்களையே சுற்றிச்சுற்றி வருவதும் அதற்குப் பெரிய காரணம். பின்னால் சண்டிகரில் அதே ஆராய்ச்சியைச் செய்தபோது இந்தியக் குடும்பங்களில் அந்தக் குத்தல் குறைவாக இருந்தது தெரிந்தது. இதைப் படித்து நாம் மார்தட்டிக்கொள்ள எதுவுமில்லை. சண்டிகர் குடும்பத்தில் எட்டுப் பேர் இருந்திருப்பார்கள். என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஒற்றை அம்மா. தூங்காதவள், சம்பளம் பிடிக்கப்பட்டவள், மூன்றாம் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் பக்கமிருந்து வந்தவள். அவள் குத்திப் பேசினால் நான் முதலில் அவளுக்கு டீ வாங்கித் தருவேன்.

*

யாருமே கூட வராதவர்கள்.

1993இல் சென்னையில், சமூகப்பணி பயின்ற வந்தனா கோபிகுமாரும் தோழி வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் மனம் பிறழ்ந்து அலைந்த ஒரு பெண்ணைக் கண்டார்கள். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கதவு கதவாகத் தட்டி, கடைசியில் தாங்களே ஒரு வீடு எடுத்தார்கள். ‘தி பான்யன்’ அப்படிப் பிறந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள். மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிற கதை இது. திட்டமோ பணமோ கையில் இல்லாதபோது, கண்ணெதிரே இருந்தவளை விட்டுவிட்டுப் போக மனசு வராததால் அவர்கள் எடுத்த வீடு அது.

புதுச்சேரி ரயிலடியிலும் பஸ் நிலையத்திலும், கோயில் வாசல்களிலும் சர்ச் வாசல்களிலும் அப்படி ஒருவரை எப்போதும் பார்க்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, அலைந்து திரிகிற மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குத் தருகிறது. அப்போது சீட்டில் ‘கூட வந்தவர்’ என்ற இடத்தில் கான்ஸ்டபிளின் எண் இருக்கும். ஒருமுறை ஒரு இளம் கான்ஸ்டபிள், டியூட்டி முடிந்தும் போகாமல் நின்றார். “இட்லி வாங்கியாந்து குடுத்துட்டுப் போறேன் மேடம். நேத்திலிருந்து சாப்பிடலன்னு சொன்னாரு.” அவரும் என் தொழில்காரர்தான்.

*

இது சின்னக் குறிப்பு.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015 கணக்கில் இந்திய அளவில் லட்சம் பேருக்கு 10.6 தற்கொலைகள். புதுச்சேரியில் 43.2. நாட்டிலேயே அதிகம். மலிவான மது, மூடிய ஆலைகள், கடன் என்று காரணங்களை அடுக்குவார்கள். எந்த ஒரு சாவையும் ஒரே காரணத்தில் கட்டிவிட முடியாது என்பதை வீட்டுக்கு வீடு போய்ப் பார்த்திருக்கிறேன்.

என் பழைய டைரியில் ஒரு வரி இருக்கிறது. “அடுத்த வாரம் வீட்டுக்குப் போகணும்.” வேலை போனவர், இரண்டு தடவை ரெவ்யூவுக்கு வராதவர். அடுத்த வாரம் நான் போனபோது தெருவில் பந்தல் போட்டிருந்தது. கருமாதிக்கும் போனேன். அவர் மனைவி எதுவும் கேட்கவில்லை. காபி கொடுத்தாள். குடித்தேன். இப்போது ஒருவர் ரெவ்யூ தவறினால் அன்று மத்தியானமே போன் செய்கிறேன். யாரையாவது நினைத்து இரவில் மனம் பதைத்தால் 14416க்குப் பேசலாம், டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள். இந்த எண்ணைப் பெட்டிக்கடைச் சுவரிலும் சாராயக்கடைச் சுவரிலும் நானே ஒட்டியிருக்கிறேன்.

*

களப்பணிக்கு வரும் மாணவிகள் கேட்கிறார்கள்: “அக்கா, இதுல வேலை கிடைக்குமா?”

பொய் சொல்வதில்லை. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய 2 ஆண்டு எம்.ஃபில். முடித்தவரைத்தான் சட்டம் மனநலச் சமூகப்பணியாளர் என்று வரையறுக்கிறது. அதைத் தரும் இடங்கள் நாட்டிலேயே குறைவு. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்துவதாக 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டுவந்தது. மருத்துவ உளவியலுக்கும் எங்கள் துறைக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்குத் தந்தது. வாசல் இப்படி ஆடிக்கொண்டிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழு ஒவ்வொன்றிலும் எங்களுக்கு ஒரு இடம் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளம். இத்தனைக்கும் 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல், அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை. வேலை மலைபோலக் கிடக்கிறது, வேலைக்கான இடங்கள் கைவிரலில் எண்ணும்படி இருக்கின்றன. இது எனக்குச் சகிக்கவில்லை.

அப்புறம் அவர்களை வீட்டு விசிட்டுக்குக் கூட்டிப்போவேன். செருப்பை வாசலில் விடுவது, தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிப்பது, உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவது, நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள்ளேயே வைத்திருப்பது. ஊனச் சான்றுக்கான அளவுகோலில் 40 சதவீதம் வந்தால்தான் உதவித்தொகை என்பதை அவமானம் தோன்றாமல் ஒரு அப்பாவுக்கு விளக்குவது. இவற்றை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. ஒரு மாணவி போன வாரம் ஒரு வீட்டில் பாட்டியோடு உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கொத்தவரங்காய் ஆய்ந்தாள். பேரனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேரனைப் பற்றிய எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அவளுக்காகக் கவலைப்படவில்லை.

*

செவ்வாய்க்கிழமை. ஓ.பி.யில் கூட்டம். மீன்காரம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் மகனின் ஊசி நாள். அழைத்துவர ஆயாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நானே போய்க் கூட்டிவரலாமா என்று எழுந்தபோது கவுண்டரிலிருந்து சத்தம் கேட்டது.

“கூட யாரு வந்திருக்கா?”

“யாரும் வரல சார். நான்தான்.”

சலவைச் சட்டை, தலை வாரியிருந்தான். கையில் அம்மாவின் பழைய மஞ்சப்பை, அதற்குள் சிகிச்சைப் புத்தகம். சீட்டுப் போடுகிறவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

“எப்படிப்பா வந்தே?” என்றேன்.

“பஸ்ல. மேடம், கொஞ்சம் சீக்கிரம் ஊசி போடச் சொல்றீங்களா? தேங்காய்த்திட்டு ஹார்பர்ல ஐஸ் வண்டி வந்துடும், பத்தரைக்குள்ள நான் இருக்கணும்.”